எட்டு ஓநாய்க்கு எதிரில் இரண்டு எலும்புக்கூடு: ட்ரூயிட், விசார்ட், வார்லாக் மூவரின் வரவழைக்கும் ஸ்பெல்லையும் எப்படிச் சமன் செய்வது?

கெடிலக்கரை (கேள்வி)

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. மதியச் சாப்பாடு முடிந்ததும் வீட்டு மாடியில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட உட்கார்ந்துவிடுவோம்; ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகம். நான்தான் டிஎம் (டஞ்சன் மாஸ்டர்), கதையையும் எதிரிகளையும் நடத்துபவன். கதை நடப்பது ஒரு துறைமுக ஊரில். தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையையும் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டையும் மனதில் வைத்து நானே வரைந்த வரைபடம்.

ஆடுபவர்கள் நான்கு பேர், எல்லாரும் 6-ஆம் லெவல். முத்தியால்பேட்டையிலிருந்து பைக்கில் வரும் நண்பன் ஷெப்பர்ட் வகை ட்ரூயிட், மிருகங்களை வரவழைக்கும் இயற்கை மந்திரவாதி. சித்தி மகன், கல்லூரியில் படிக்கும் தம்பி, நெக்ரோமான்சர் விசார்ட், அதாவது பிணங்களை எழுப்பும் மந்திரவாதி. அவன் வகுப்புத் தோழி வார்லாக், வேறொரு சக்தியோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் பெற்றவள். நான்காவது என் அக்கா. கேடயமும் வாளும் வைத்திருக்கும் ஃபைட்டர். அக்கா புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். டூட்டி ரோஸ்டர் பார்த்துத்தான் வர முடியும். மாதத்தில் ஒரு ஞாயிறு, அமைந்தால் இரண்டு.

போன ஆட்டத்தில் படகுத்துறையில் கடற்கொள்ளையர்களோடு சண்டை. தலைவனுக்கு எதிரிகளின் புத்தகமான மான்ஸ்டர் மேனுவலில் இருக்கும் பேண்டிட் கேப்டனை எடுத்துக்கொண்டேன். ஏசி (அடி பட எட்ட வேண்டிய எண்) 15, ஹெச்பி (உயிர்ப் புள்ளி) 65. நண்பன் மிருகங்களை வரவழைக்கும் கான்ஜர் அனிமல்ஸ் ஸ்பெல்லை (மந்திரத்தை) போட்டான். செலவு 3-ஆம் லெவல் ஸ்லாட் ஒன்று (ஸ்பெல் போட நாளுக்கு இத்தனை என்று கிடைக்கும் வாய்ப்பு), வந்தது எட்டு ஓநாய்.

நாங்கள் மினியேச்சர் வாங்குவதில்லை. ஓநாய்க்குப் புளியங்கொட்டை. ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளை தெரிய வைத்து, அதில் 1 முதல் 8 வரை எண் எழுதியிருக்கிறோம். எட்டுக் கொட்டையும் தலைவனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டன. மனித அளவுள்ள ஆளைச் சுற்றிக் கட்டம் எட்டுத்தான். எட்டும் நிறைந்ததும் அக்கா வாளை வைத்துக்கொண்டு நிற்க இடமில்லை.

அப்புறம் பகடை. ஓநாய்க்குப் பேக் டாக்டிக்ஸ் (கூட்டாளி பக்கத்தில் இருந்தால் கிடைக்கும் அனுகூலம்) இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு டி20 (இருபது முகப் பகடை) உருட்டிப் பெரியதை எடுக்க வேண்டும். ஆக 16 உருட்டல். பட்ட ஒவ்வொரு கடிக்கும் இரண்டு டி4. பட்டவன் கீழே விழுகிறானா என்று நான் ஒவ்வொரு கடிக்கும் ஒரு சேவ் (தப்பிக்கும் உருட்டல்) உருட்ட வேண்டும். எங்களிடம் இருப்பது இரண்டே செட் பகடை. தம்பி போனில் நேரம் பார்த்தான்: ஓநாய்களின் ஒரு சுற்று மட்டும் 11 நிமிடம். அக்காவின் முறை ஒரு நிமிடம்கூட இல்லை. இரண்டாவது சுற்றில் அக்கா எழுந்து கீழே போய் அம்மாவோடு வாழைக்காய் சீவ ஆரம்பித்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை. "முடிந்ததும் கூப்பிடு" என்றார், அவ்வளவுதான். மாதத்தில் கிடைத்த ஒரே ஞாயிறு அது. அன்று இரவு முழுக்க எனக்கு அதே நினைப்பு.

மறுநாள் கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஓநாய் தாக்கும்போது பகடை எண்ணோடு +4. ஏசி 15-ஐத் தொட 11 வேண்டும், பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டு பகடை என்றால் 75 சதவீதம். ஒரு கடி சராசரி 7. எட்டு ஓநாய்க்குச் சுற்றுக்கு 42. அக்கா +7-இல் இரண்டு வெட்டு, சராசரி 14 அளவில் நிற்கிறார். தம்பி பிணத்தை எழுப்பும் அனிமேட் டெட் போட்டு இரண்டு எலும்புக்கூடு வைத்திருக்கிறான். நெக்ரோமான்சர் என்பதால் டேமேஜுக்கு +3 கூடியும் ஒரு அம்பு 8.5, பாதிதான் படும். இரண்டும் சேர்ந்து 8.5. வார்லாக் பெண் ஓர் ஆவியை வரவழைக்கும் சம்மன் அன்டெட் போடுகிறாள். அது 7-ஐத் தாண்டவில்லை.

ஒரே லெவல் ஸ்லாட். ஒருவருக்கு 42, ஒருவருக்கு 8, ஒருவருக்கு 7. இதை எப்படிச் சமன் செய்வது? கான்ஜர் அனிமல்ஸைத் தடை செய்ய மனம் வரவில்லை. நண்பன் ஷெப்பர்ட் ட்ரூயிட் எடுத்ததே மிருகங்களை வரவழைக்கத்தான். அதை எடுத்துவிட்டால் அவனிடம் என்ன மிச்சம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ரெட்டியார்பாளையம் டிஎம்

தம்பி, உங்கள் கேள்வியில் இரண்டு பிரச்சினை கலந்து கிடக்கிறது. டேமேஜ் ஒன்று, நேரம் ஒன்று. நேரத்தை முதலில் பாருங்கள். அக்கா எழுந்து போனது 42-ஐப் பார்த்து அல்ல, 11 நிமிடத்தால்.

2014 டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடில் கும்பலாகத் தாக்குவதற்கு ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. பகடையே வேண்டாம். தாக்குபவனுக்கு டி20-இல் என்ன எண் தேவை என்று பாருங்கள். 1 முதல் 5 வரை என்றால் ஒவ்வொருவர் அடியும் படும். 6 முதல் 12 வரை என்றால் இரண்டு பேருக்கு ஒரு அடி. 13, 14 என்றால் மூன்று பேருக்கு ஒன்று. அப்படியே மேலே போகும். உங்கள் ஓநாய்க்குத் தேவை 11. எட்டு ஓநாய்க்கு நான்கு கடி, கடிக்கு 7, மொத்தம் 28. முடிந்தது. பேக் டாக்டிக்ஸுக்காக +5 கொடுத்து, தேவை 6 என்று வைத்தாலும் அதே வரிசையில்தான் விழும். 42 தானாக 28 ஆகிவிடுகிறது, நீங்கள் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை. எங்கள் மேசையில் இரண்டு வருடமாக இப்படித்தான்.

கீழே விழுகிறானா என்ற சேவ் உருட்டலையும் நான்கு தடவை செய்யாதீர்கள். ஒரு சுற்றுக்கு ஒன்று போதும்.

இன்னொன்று. 2014 விதிப்படி எத்தனை மிருகம், எந்த சிஆர் (மிருகத்தின் வலிமை எண்) என்பதைத்தான் ஆடுபவர் தேர்ந்தெடுப்பார். சிஆர் 2 என்றால் ஒன்று, 1 என்றால் இரண்டு, அரை என்றால் நான்கு, கால் என்றால் எட்டு. என்ன மிருகம் வரும் என்பது டிஎம் கையில் என்று விதி வகுத்தவர்களே பிறகு விளக்கம் கொடுத்தார்கள். சுரபுன்னைக் காட்டில் ஓநாய் ஏன் வர வேண்டும்? ராட்சதத் தவளையும் சிஆர் கால்தான். ஆனால் இதை நண்பரைத் தண்டிக்கப் பயன்படுத்தாதீர்கள். "இந்த இடத்தில் இவை வரும்" என்று ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். போட்ட பிறகு சொன்னால் அது ஏமாற்றிய மாதிரி ஆகிவிடும். நான் ஒரு முறை அப்படிச் செய்து ஒரு நல்ல ஆட்டக்காரரை இழந்தேன்.


பழைய நகர் ட்ரூயிட்

நான் கடலூர் ஓ.டி. ஐந்து வருடமாக ட்ரூயிட் மட்டுமே ஆடுகிறேன், அதனால் ஓநாய்கள் பக்கம் நின்று பேச ஒருவராவது வேண்டும்.

அண்ணா, நீங்கள் ஒரு சுற்றை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கான்ஜர் அனிமல்ஸுக்குக் கான்சன்ட்ரேஷன் வேண்டும், அதாவது போட்டவர் கவனம் சிதறாமல் பிடித்திருக்க வேண்டும். உங்கள் நண்பர்மீது ஒரு அம்பு பட்டு சேவ் தவறினால் எட்டும் அந்த நொடியே போய்விடும். கடற்கொள்ளையரில் ஒருவன்கூட ட்ரூயிட்டைக் குறி வைக்கவில்லையா? நாலு வில்லாளியைப் படகில் நிறுத்தியிருந்தால் கதையே வேறு.

ஃபயர்பால் என்ற தீக்கோள ஸ்பெல்லைப் பாருங்கள். 8 டி6, சராசரி 28. சாதாரண ஓநாய்க்கு ஹெச்பி 11. சேவில் ஜெயித்தாலும் 14 டேமேஜ், செத்துவிடும். ஷெப்பர்ட்டுக்கு 6-ஆம் லெவலில் கிடைக்கும் மைட்டி சம்மனர் என்ற திறனால் ஓநாய்க்கு 4 ஹெச்பி கூடி 15 ஆகிறது. சேவில் ஜெயித்த ஓநாய் ஒரே ஒரு ஹெச்பியோடு எழுந்து நிற்கும். எங்கள் மேசையில் ஒரு முறை அப்படி மூன்று நின்றன. புகையிலிருந்து மூன்றும் வெளியே வந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. ஷெப்பர்ட் ஆடுவதன் சுகமே அதுதான். அந்த 4 ஹெச்பியைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

இப்போது தம்பி விசார்ட்டுக்கு வருகிறேன். அவர் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை. அனிமேட் டெட் போட்டால் நெக்ரோமான்சருக்கு இரண்டு எலும்புக்கூடு, சரி. 24 மணி நேரம் சொன்னதைக் கேட்கும், அதுவும் சரி. அந்த 24 மணி நேரம் முடிவதற்குள் மறுபடி அதே ஸ்பெல்லைப் போட்டால், ஏற்கெனவே இருப்பதில் நான்கு வரை கட்டுப்பாட்டைப் புதுப்பிக்கலாம். உங்கள் தம்பி தினமும் புதிதாக இரண்டு எழுப்பிப் பழையதை விட்டுவிடுகிறார் என்று நினைக்கிறேன். கேட்டுப் பாருங்கள்.

முதல் நாள் இரண்டு ஸ்லாட் செலவு செய்து நான்கு எழுப்பட்டும். மறுநாளிலிருந்து ஒரே ஸ்லாட், நான்கு எலும்புக்கூடு, நாள் முழுக்க. ஒவ்வொன்றுக்கும் 13 ஹெச்பியோடு விசார்ட் லெவல் 6-ம் சேர்ந்து 19. நான்கு அம்பு, பாதி பட்டால் 17. உங்கள் அக்காவின் 14-ஐவிட அதிகம். இதில் கான்சன்ட்ரேஷன் கிடையாது! சிறு கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனில் ஒரே கட்டளை, நான்கும் சுடும். ஆக்‌ஷனில் அவர் ஃபயர்பால் போடலாம், வேகம் கூட்டும் ஹேஸ்ட் போட்டு அக்காவுக்கு ஒரு வெட்டு கூட்டலாம். என் ஓநாய்கள் ஒரு மணி நேரத்தில் காணாமல் போகும், அதற்குள் வேறு கான்சன்ட்ரேஷன் ஸ்பெல் எதையும் நான் தொட முடியாது. ஒரு நாளில் மூன்று சண்டை வைத்துப் பாருங்கள், யார் பலசாலி என்று அப்போது தெரியும். நாளுக்கு ஒரே சண்டை என்றால் ட்ரூயிட் ஜெயிப்பது இயல்புதான்.


லாஸ்பேட்டை வார்லாக்

வார்லாக் பெண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

சம்மன் அன்டெட், சம்மன் பீஸ்ட், சம்மன் ஃபே எல்லாம் 2020-இல் தாஷாஸ் கால்ட்ரன் புத்தகத்தில் வந்தவை. கும்பலைத் தவிர்க்கத்தான் அப்படி எழுதினார்கள்: ஒரே உயிர், ஸ்லாட் லெவலோடு வளரும், நமக்கு அடுத்து அதன் முறை. தாக்குதலுக்கு நம் ஸ்பெல் அட்டாக் எண்ணையே எடுத்துக்கொள்ளும், அதனால் ஓநாயின் +4-க்குப் பதில் +7. ஆனால் எத்தனை அடி என்பது ஸ்லாட் லெவலில் பாதி, கீழே முழுமையாக்கி. 3-ஆம் லெவல் ஸ்லாட்டுக்கு ஒரே அடி, 4-க்கு இரண்டு. அவள் இப்போது நிற்பது இந்த ஸ்பெல்லின் மிக மோசமான படியில். 7-ஆம் லெவல் வந்ததும் வார்லாக்கின் ஸ்லாட் எல்லாமே 4-ஆம் லெவல் ஆகிவிடும். ஒரே நாளில் அவள் டேமேஜ் இரண்டு மடங்குக்கு மேல். அதற்குள் கையை வைத்து ஏதாவது கூட்டிவிட்டீர்கள் என்றால் பிறகு குறைக்க முடியாது.

அவளுக்கு ஸ்லாட் ஷார்ட் ரெஸ்டில் (சிறு ஓய்வில்) திரும்புகிறது என்பதையும் மறக்காதீர்கள். ட்ரூயிட் இரவு தூங்கி எழ வேண்டும்.

இதே காரணத்தால் நண்பரை சம்மன் பீஸ்டுக்கு மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 3-ஆம் லெவல் ஸ்லாட்டில் ஒரே அடி, பேக் டாக்டிக்ஸோடு சராசரி 10. 42-இலிருந்து 10 என்பது சமன் அல்ல. 2024 புத்தகத்தில் கான்ஜர் அனிமல்ஸே மாறிவிட்டது. தொட முடியாத ஆவிக்கூட்டம் ஒன்று, அருகில் வருபவர் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவ் தவறினால் 3 டி10. வேகமாக முடியும். ஆனால் அதற்கு ஹெச்பி இல்லை, வழி மறிக்காது, சாகாது. மேலே ஒருவர் புகையிலிருந்து வந்த மூன்று ஓநாயைச் சொன்னாரே, அது இனி நடக்காது. உங்கள் நண்பர் அதை இழக்க விரும்புவாரா என்று அவரிடமே கேளுங்கள்.

டேமேஜையே பார்க்காதீர்கள் என்றும் சொல்வேன். சம்மன் அன்டெட்டில் கோஸ்ட்லி (பேய்) வடிவம் பறக்கும், பொருட்களுக்கு ஊடாகப் போகும், தொட்டவரை அஞ்ச வைக்கும். படகுச் சண்டையில் அதைவிட நல்ல ஆள் கிடையாது.


கெடிலக்கரை (இரண்டு வாரம் கழித்து)

மூவருக்கும் நன்றி. பதிலை எல்லாம் கடை பிரிண்டரிலேயே எடுத்து மேசையில் வைத்து, ஆட்டத்துக்கு முன்னால் நான்கு பேரோடும் பேசினேன். இந்த ஞாயிறு அக்காவுக்கு ஆஃப். அதே கொள்ளையர்கள், இந்த முறை அவர்களின் கப்பல்.

பழைய நகர் ட்ரூயிட் சொன்ன ஓட்டை அப்படியே உண்மை. தம்பி இத்தனை நாளும் புதுப்பிக்கலாம் என்ற வரியைப் படிக்கவே இல்லை. அவனுக்கு இன்னொரு தயக்கமும் இருந்தது, இப்போதுதான் வாயைத் திறந்தான். ஊர்க்காரர்களின் எலும்பைத் தோண்ட அவனுக்குப் பிடிக்கவில்லை. அவன் பாத்திரம் அந்த ஊரில் பிறந்தவன், யாருடைய பாட்டனோ என்று தோன்றுகிறதாம். அது நியாயம்தான். அதனால் முகத்துவாரத்தில் உடைந்து மணலில் புதைந்த ஒரு பழைய கப்பலை வைத்தேன். அதன் மாலுமிகள் நான்கு பேர், கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக அவன் அவர்களுக்கு வாக்குக் கொடுத்து எழுப்பினான். அந்த வாக்கு இப்போது கதையில் ஒரு கடனாக நிற்கிறது. நான்கு அம்பு, இரண்டு படும், 17. பகடை கிடையாது.

வார்லாக் பெண் கோஸ்ட்லி வடிவத்தை எடுத்தாள். அந்த ஆவி கப்பல் பலகைக்கு ஊடாக உள்ளே போய், கட்டிப்போட்ட மீனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தது. டேமேஜ் ஒன்றுமே இல்லாத ஒரு சுற்று. எல்லாரும் மூச்சுப் பிடித்துக் கேட்டார்கள்.

வில்லாளிகளையும் வைத்தேன். நண்பன் ஒரு கான்சன்ட்ரேஷன் சேவ் உருட்டலில் 10-க்குச் சரியாக 10 உருட்டித் தப்பித்தான்.

ஓநாய்களில் கும்பல் அட்டவணையோடு நாங்களாக ஒன்று சேர்த்தோம். யோசனை நண்பனுடையது, நான் கேட்கவே இல்லை. வரவழைத்ததும் எட்டுப் புளியங்கொட்டையில் நான்கை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தான். "இது நாலும் உங்க பேச்சைக் கேட்கும்க்கா." கதைக்குள்ளும் அப்படியே: ட்ரூயிட் ஓநாய்களிடம் அவரோடு போங்கள் என்று சொன்னதாக வைத்தோம். விதியில் இதற்குத் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஓநாய்கள் ட்ரூயிட்டின் வாய்க்கட்டளையைக் கேட்கும், அந்தக் கட்டளைதான் இது.

அக்கா அந்த நான்கையும் தாக்க அனுப்பவில்லை. கப்பலின் ஏணியடியில் குறுக்கே வரிசையாக நிறுத்தினார், மீனவர்கள் இறங்கும் பக்கம். பிறகு தலைவனைச் சுற்றி இரண்டு கட்டம் விட்டு வைக்கும்படி நண்பனிடம் சொன்னார். ஒரு கட்டத்தில் அவரே போய் நின்றார். இரண்டு வெட்டும் பட்டது. ஏணியடியில் 3-ஆம் எண் கொட்டை போனது, 5 போனது. 5 போனபோது அவர் கொட்டையைத் தூக்கி எறியவில்லை, தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

ஓநாய்களின் ஒரு சுற்று 2 நிமிடத்துக்குள் முடிந்தது. தம்பி இந்த முறையும் நேரம் பார்த்தான். பஜ்ஜி மாடிக்கு வந்தபோது சண்டை இன்னும் நடந்துகொண்டிருந்தது, தட்டைத் தரையில் வைக்கச் சொன்னார் அக்கா, மேசையில் இடமில்லை.

அடுத்த ஆட்டத்தில் எல்லாரும் 7-ஆம் லெவல். கான்ஜர் வுட்லேண்ட் பீயிங்ஸ் எடுத்து எட்டு பிக்ஸி (குட்டித் தேவதை) வரவழைக்கலாமா என்று நண்பன் இப்போதே கேட்கிறான். ஒவ்வொரு பிக்ஸிக்கும் ஒரு பாலிமார்ஃப் (உருமாற்றும் ஸ்பெல்) இருக்கிறது. அதற்குத் தனி இழை போடுகிறேன். ரெட்டியார்பாளையம் அண்ணன் கட்டாயம் வர வேண்டும்.